பின் சீட்டில் வந்த கேப்டன்

நம் கிளப்புக்குச் சிறப்பு மலர் போடப் போகிறோம் என்று குழுவில் செய்தி வந்ததுமே, ஆரம்ப காலத்தைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து என் தலையில் கட்டினீர்கள். நமக்கு வயது முப்பதைத் தாண்டிச் சில வருடங்கள்தான் ஆகின்றன. அதற்குள் நாம் கிழவர் கிழவிகளைப் போலப் பேச ஆரம்பித்துவிட்டோம். ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவர் மணலில் நாலு அடி ஓடினால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். சனிக்கிழமை காலையில் காரைக்கால் கடற்கரை முழுக்கப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்தால், "நாங்கல்லாம் ஆடுன காலத்துல" என்றுதான் நமக்குப் பேச்சு தொடங்குகிறது.

நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் என் படத்துக்குக் கீழே 'முதல் கேப்டன்' என்று போட்டிருந்தது. அதை எடுத்துவிடுங்கள். முதல் கேப்டன் நான் இல்லை. உங்களில் மூன்று பேருக்காவது அது தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும். அந்த முதல் வருடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு, மலரில் போடுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சித்தப்பா சென்னை வேலையை விட்டுவிட்டு எங்கள் ஊரான நெரவிக்குத் திரும்பியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு சூட்கேஸ், ஒரு டேபிள் ஃபேன், மூன்று பிளாஸ்டிக் தட்டுகள். இவ்வளவுதான் கொண்டுவந்தார். தட்டுகளில் ஒன்று வெள்ளை, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. அம்மா வெள்ளைத் தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"வெளிம்பு நல்லா ஒசரமாத்தான் இருக்கு தம்பி. அப்பளம் பொரிச்சு அடுக்கலாம்."

"அண்ணி, அது வெளையாடுறதுக்கு."

"இத வச்சு என்னத்த வெளையாடுறது?"

சித்தப்பா வாசலில் இறங்கி நின்று, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினார். தட்டு தெருவோடு போய், கோடி வீட்டுத் தென்னைமரத்தைத் தாண்டி, யாரோ பிடித்து இழுத்ததுபோல வளைந்து திரும்பியது. தெருவில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அதன் பின்னால் ஓடினோம். நம் கிளப் தொடங்கியது அன்றைக்குத்தான். பிரிஸ்பீ என்ற சொல் எங்கள் வாயில் நுழைய ஒரு மாதம் ஆனது. வீட்டுப் பெரியவர்களுக்குக் கடைசி வரை அது 'தட்டெறியிறது'தான்.

சிவப்புத் தட்டு முதல் மாதமே அரசலாறு கடலில் சேரும் இடத்தில் போய்விட்டது. காற்று தூக்கிக்கொண்டுபோய் நீரோட்டத்தில் போட்டது. அது கடலுக்குள் போவதை நாங்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நீலத்தட்டு விளிம்பு பிய்ந்துபோய், பிடித்தால் விரலைக் கீறும். எல்லைக்கு வைக்க எங்களிடம் எதுவும் இல்லை, செருப்புகளைத்தான் வைத்தோம். ஆட்டம் முடிந்து ஆளாளுக்குத் தங்கள் செருப்பைத் தேடும்போது ஒரு ஜோடியாவது அலையில் போயிருக்கும். மத்தியான மணல் சுட்டால் ஈரக்கரைக்கு ஓடி ஒரு நிமிடம் கால் வைத்துவிட்டுத் திரும்பி வருவோம். அந்த ஒரு நிமிடத்துக்கு ஆட்டம் நிற்கும். யாரும் அதைக் குற்றமாகச் சொன்னதில்லை.

மலரை வெளியாட்களும் படிப்பார்கள் என்பதால் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மைதானத்தின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு கட்டம். எதிர்ப்பக்கக் கட்டத்துக்குள் தட்டைப் பிடித்தால் ஒரு பாயிண்ட். கையில் தட்டு இருக்கும்போது ஓடக்கூடாது, வீசித்தான் ஆக வேண்டும். தட்டு தரையில் பட்டால் எதிரணிக்குப் போய்விடும். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. பிடித்தோமா, கீழே பட்டதா, தள்ளினோமா என்பதை ஆடுகிறவர்களே சொல்லிக்கொள்ள வேண்டும். "உங்க வாய்தான் விசில்" என்பார் சித்தப்பா.

பையன்கள் எளிதாகக் கிடைத்தார்கள். பெண்பிள்ளைகள்தான் கிடைக்கவில்லை. வீட்டுப் பெண் என்பதால் நான் இருந்தேன். என் வகுப்புப் பெண்கள் இருவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தோம். இன்னும் ஒருத்தி வேண்டும்.

எங்கள் தெருவுக்குச் செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாட்களில் ஒரு மீன்கார அம்மா வருவார். கருக்களாச்சேரி மீனவர் குப்பத்திலிருந்து தலையில் அலுமினிய அன்னக்கூடையோடு நடந்தே வருவார். சங்கரா, கிழங்கான், காரப்பொடி என்று குரல் தெருமுனையிலேயே கேட்கும். அம்மா அவரை 'வாம்மா, போம்மா' என்பாள். அவர் அம்மாவைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆனாலும் அவர்தான் அம்மாவிடம் 'வாங்க, சொல்லுங்க' என்று பேசுவார். அதில் ஏதாவது மாறியிருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒருநாள் மீன் ஆய்ந்துகொண்டே அந்த அம்மா சொன்னார்: "எம்பொண்ணு ஒண்ணு இருக்குங்க. பத்தாவது படிக்குது. வீட்டுல ஒரு நிமிசம் உக்காராதுங்க. அலைக்கு எதிர ஓடிக்கிட்டே இருக்கும்."

சித்தப்பா உள்ளேயிருந்து வெளியே வந்தார். "அனுப்புறீங்களாம்மா? எங்களுக்கு அப்படித்தான் ஒரு பொண்ணு வேணும்."

அந்த அம்மா சித்தப்பாவைப் பார்க்கவில்லை, என் அம்மாவைத்தான் பார்த்தார். "நீங்க என்னங்கம்மா சொல்றீங்க? ஆம்பளப் புள்ளைங்களும் ஆடுதாமே?"

"எம்பொண்ணும்தான போவுது. என் கொழுந்தன் கூடவே இருக்காரு. ஒரு கொறையும் வராது, அதுக்கு நான் பொறுப்பு," என்றாள் அம்மா.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவளை அனுப்பினார்கள்.

அவள் சனிக்கிழமை விடியற்காலையில் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்து, கேட்டுக்கு வெளியே நிற்பாள். உள்ளே வா என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அம்மா அவளுக்கும் டீ கொடுப்பாள். அவளுக்கென்று கிணற்றடி மாடத்தில் தனியாக ஒரு டம்ளர் இருந்தது. பிறகு சித்தப்பாவின் பைக்கில் மூன்று பேரும் கடற்கரைக்குப் போவோம்.

அவள் மணலில் ஓடியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நமக்கெல்லாம் கால் புதையும். அவளுக்கு மணல் தார்ரோடு மாதிரி. தட்டு எங்கே வரும் என்பது வீசுகிறவருக்கே தெரியாதபோது அவளுக்குத் தெரியும். இரண்டே மாதத்தில் சித்தப்பா அவளைக் கேப்டன் ஆக்கினார். வெள்ளை பனியனில் மார்க்கர் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார். அவள் ஜெர்சி அதுதான்.

என்னைவிட மூன்று வயது மூத்தவள். மூத்த பெண்களை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளை அப்படிக் கூப்பிடவில்லை. கேப்டன் என்ற சொல் கிடைத்தது எனக்கு வசதியாகப் போயிற்று. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவள் கையிலிருந்து தட்டு எனக்கு வந்தால், அடுத்து வீசுவதற்கு முன் அதை என் பாவாடையில் ஒரு தடவை துடைப்பேன். மணல் ஒட்டியிருக்கிறது என்பதைப் போல. உங்கள் கையிலிருந்து வந்தால் துடைக்க மாட்டேன். அவள் அதைக் கவனித்தாளா என்று எனக்குத் தெரியாது. கவனித்திருப்பாள். ஆட்டத்தில் எதையும் கவனிக்காமல் விடுகிறவள் இல்லை அவள்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்த விடுமுறையில் புதுச்சேரியில் கடற்கரைப் போட்டி வந்தது. அம்மா மறுபடியும் மீன்கார அம்மாவிடம் பொறுப்பேற்றாள். ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, பத்துப் பேர் போனோம். யார் வீட்டிலோ கட்டிக் கொடுத்த புளிச்சோறு கடலூர் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது.

நாம் தோற்றுத் திரும்புவோம் என்றுதான் சித்தப்பா நினைத்திருக்க வேண்டும். முதல் நாள் இரண்டு ஆட்டமும் ஜெயித்தோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அரை இறுதி. இரண்டு அணியும் சமமாக இருந்தன. அடுத்த பாயிண்ட் யாருக்கோ, ஆட்டம் அவர்களுக்கு.

தட்டு கேப்டன் கையில் இருந்தது. நான் கட்டத்துக்குள் ஓடினேன். அவள் வீசினாள், எனக்குக் கொஞ்சம் முன்னால், சரியான இடத்தில். நான் பாய்ந்தேன். தட்டு என் விரலில் பட்டு நழுவி மணலைத் தொட்டது. அடுத்த கணம் என் உள்ளங்கைக்குள் இருந்தது. என் நகங்களுக்குள் மணல் போயிருந்தது. எனக்கு அது தெரியும். அப்போதே தெரியும்.

"புடிச்சுட்டேன்!" என்று கத்தினேன்.

நீங்கள் எல்லோரும் ஓடிவந்து என் மேல் விழுந்தீர்கள். என் எதிரே ஆடிய பெண் மட்டும் அசையாமல் நின்றாள். "கீழ பட்டுடுச்சு," என்றாள்.

"படல."

"பட்டுச்சு. நான் பாத்தேன்."

"நான்தான புடிச்சேன்? எனக்குத் தெரியாதா?"

அவள் கேப்டனிடம் திரும்பினாள். கேப்டன் எங்களுக்கு நாலு அடி தூரத்தில் நின்றிருந்தாள். அந்த இடத்திலிருந்து பார்க்காமல் இருக்கவே முடியாது. "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

 கேப்டன் முதலில் என்னைப் பார்த்தாள். நீயே சொல்லிவிடு என்று எனக்கு அவகாசம் கொடுத்தாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பட்டுச்சுங்க," என்றாள் கேப்டன்.

தட்டு அவர்களுக்குப் போனது. ஐந்து வீச்சில் எங்கள் கட்டத்துக்கு வந்து பாயிண்ட் எடுத்தார்கள். தோற்றோம். முடிந்ததும் இரண்டு அணியும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும், அதுவும் இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம். அந்த அணிக்காரர்கள் கேப்டனைக் கூப்பிட்டுத் தங்கள் தொப்பி ஒன்றை அவள் தலையில் வைத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

குழாயடியில் அழுதுகொண்டு நின்ற என்னிடம் சித்தப்பா வந்து தோளில் கை வைத்தார். "அழாத. அது சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதுக்கு இன்னும் வெவரம் பத்தல," என்றார். நடுவரே வேண்டாம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது வேறு. தப்பு அவளுடையது என்று பெரியவர் ஒருவரே சொல்லிவிட்டார். இதை எழுதும் முன் சித்தப்பாவிடம் கேட்டேன். அவருக்கு நினைவில்லை. ஆனாலும், "சொல்லியிருப்பேன். எழுது," என்றார்.

திரும்பும்போது நான் ஓட்டுநர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். கேப்டன் பெண்பிள்ளைகளோடு நடு வரிசையில்தான் உட்கார்ந்தாள். கடலூர் வருவதற்குள் நம் அணியின் சின்னப் பையன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். நினைவிருக்கிறதா? அவனுக்கு அப்போது பத்து வயது. பின் சீட்டில் பையன்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். கேப்டன் எழுந்து பின்னால் போனாள். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாய்க்கு நேராகப் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு, காரைக்கால் வரும் வரை அங்கேயே இருந்தாள். அவனுக்குப் பயம் தெரியாமல் இருக்க ஏதேதோ கதை சொன்னாள். மற்ற பையன்களும் கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முன் சீட்டில் இருந்த எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

சிதம்பரத்தில் டீக்கு நிறுத்தினார்கள். அவள் இரண்டு வடையைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கோவமா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீ கேட்டிருந்தாக்கூட நான் வேற மாதிரி சொல்ல முடியாதுடி. அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாத்துல்ல கேட்டுச்சு."

வடையை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் அதைச் சின்னப் பையனிடம் கொடுத்தாள். அவனுக்கு வயிறு சரியில்லை என்பது நினைவு வந்து, திரும்ப வாங்கி, தானே தின்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அம்மா என் தலையில் இருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள்: "அந்தப் பொண்ணு ஒழுங்கா இருந்துச்சா? அவங்கம்மாவுக்கு நான்ல பதில் சொல்லணும்."

"வரும்போது பின் சீட்டுல பையனுங்களோட உக்காந்து வந்துச்சு," என்றேன். "வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வாந்தியை மட்டும் சொல்லவில்லை. அம்மாவின் கை என் தலையில் அப்படியே நின்றது. "அப்புடியா?" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை மீன்கார அம்மா வந்தார். நான் உள்ளே கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தேன். அம்மா குரலைத் தாழ்த்திப் பேசினாள். அவளுக்கு யார் மீதும் கோபம் இல்லை. தான் ஏற்ற பொறுப்பை நிறைவேற்றுகிறோம் என்றே அவள் நம்பினாள்.

"தப்பா நெனைக்காதம்மா. வயசுப் பொண்ணு. வேன்ல பையனுங்களோட பின்னாடி உக்காந்து சிரிச்சுக்கிட்டு வந்துருக்கு. நாளைக்கு ஒண்ணுன்னா நான் உன் மூஞ்சில முழிக்க முடியாது. அதான் சொல்றேன்."

"எம்பொண்ணு அப்புடி இல்லீங்களே," என்றார் அவர்.

"நான் என்ன கண்டேன்? கூடப் போன புள்ள சொல்லுது."

 பிறகு, "பாப்பா பாத்துச்சுங்களா?" என்று கேட்டார்.

அம்மா உள்ளே திரும்பி, "ஏன்டி, இங்க வா. நீதான பாத்த?" என்றாள்.

சீப்போடு வாசலுக்கு வந்தேன். அந்த அம்மா படிக்குக் கீழே நின்றுகொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார். ஒரு கையால் இடுப்பில் அன்னக்கூடையை அணைத்திருந்தார். கூடையில் கிழங்கான் மீனும் உருகிக்கொண்டிருந்த ஐஸும் இருந்தன. தண்ணீர் சொட்டி அவர் புடவை நனைந்துகொண்டிருந்தது. 'இல்லை' என்று சொல்லும்படி அவர் கண் கெஞ்சியது. சின்னப் பையனுக்கு வாந்தி, அதனால் போய் உட்கார்ந்தாள் என்று சொல்ல மூன்று விநாடி போதும்.

நான் தலையாட்டினேன்.

அவர் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். வழக்கமாக அம்மா ஒரு கை பிடித்து ஏற்றிவிடுவாள். அன்றைக்கு அவரே ஏற்றிக்கொண்டார். தெருக்கோடி வரை அவர் கூவவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை கேட்டுக்கு வெளியே யாரும் நிற்கவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். சித்தப்பா கருக்களாச்சேரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவள் அப்பா வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். "பொண்ணு பெருசாயிடுச்சு தம்பி. போதும்," என்று மட்டும் சொன்னாராம். சித்தப்பா திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னார்: "அவங்கள்ல அப்படித்தான் அண்ணி. பொம்பளப் புள்ளைய விட மாட்டாங்க." அம்மா ஆமாம் என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த மாதமே சித்தப்பா என்னைக் கேப்டன் ஆக்கினார்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மலரில் பாதிப் பக்கம் அதுதான். பள்ளிக்கூடங்களுக்குப் போய் ஆடிக் காட்டினோம். கோட்டுச்சேரியில் ஒரு அணி, திருநள்ளாறில் ஒரு அணி என்று வந்தன. செருப்புக்குப் பதிலாக ஆரஞ்சு நிறக் கூம்புகள் வந்தன. பெண்பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், ஆனால் கடலோரக் குப்பங்களிலிருந்து ஒருத்தியும் வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது, ஏன் என்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் நம்மில் ஒருவர், "அவங்க வீட்டுல விட மாட்டாங்க" என்று சொல்லுவோம். எழுதி அனுப்பிய அறிக்கைகளில்கூட அது இருக்கிறது. இரண்டு அறிக்கை என் கையெழுத்தில்தான் போயிருக்கிறது. அந்த வீட்டில் விட்டார்கள், நான்தான் அந்தக் கதவை அடைத்தேன் என்று அந்தக் கூட்டங்களில் நான் ஒருநாளும் சொல்லவில்லை. தாயும் மகளும் ஊரில் என்ன சொல்லியிருப்பார்கள், எத்தனை வீட்டில் அதைக் கேட்டுத் தங்கள் பெண்ணை உள்ளே உட்கார வைத்தார்கள் என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் இல்லை.

மீன்கார அம்மா எங்கள் தெருப்பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். "நல்லதுக்குத்தான சொன்னேன்" என்று அம்மா வெகுநாள் வருத்தப்பட்டாள்.

இந்த வருடம் சேர்க்கை நடந்த அன்று கடற்கரையில் மேசை போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். விண்ணப்பத் தாளுக்கு நீண்ட கை கேப்டனுடையது. பக்கத்தில் ஒன்பது வயதுப் பெண். திருவேட்டக்குடியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பி.காம் முடித்துவிட்டு ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நான் மனத்துக்குள் அவளுக்கு என்னென்னவோ பாழான வாழ்க்கையைக் கற்பனை செய்து, அதற்காக வருந்திக்கொண்டிருந்தேன். அப்படி எதுவும் ஆகவில்லை. என்னால்தான் அவள் வாழ்வே போயிற்று என்று நினைத்ததிலும் எனக்கு ஒரு கர்வம் இருந்திருக்கிறது.

பிள்ளை மணலுக்கு ஓடிவிட்டது. அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும் ஒன்ன. அன்னைக்கு எங்கம்மா வந்து, பாப்பாவே தலையாட்டுச்சுன்னு சொல்லிச்சு. நான் நம்பல. அது அப்புடிச் செய்யாது, அவங்கம்மாதான் ஏதோ சேத்துச் சொல்றாங்கன்னு எங்கம்மாகிட்ட சண்டை போட்டேன். அடிகூட வாங்குனேன். இத்தன வருசமும் அப்புடித்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். நெசமா என்ன?"

அவளுக்குப் பின்னால் வரிசையில் பெற்றோர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நீங்களும் இரண்டு பேர் பக்கத்து மேசையில் இருந்தீர்கள்.

"தலையாட்டுனேங்க்கா," என்றேன்.

அவள் முகத்தில் கோபம் வரவில்லை. பார்வை மட்டும் என்னை விட்டுப் போய்விட்டது. குனிந்து, மகள் பெயர், வயது, முகவரி எல்லாவற்றையும் நிதானமாக எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

"ஆட்டம் போனது போவட்டும். எங்கம்மா ஒரு வருசம் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கூடவே வந்துச்சு. மீன் கூடையோட. எல்லாரும் பாப்பாங்க. எம்மேல நம்பிக்க இல்லாம." தாளை என் பக்கம் தள்ளினாள். "எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம் நீ. எங்கம்மாகிட்ட வந்து சொல்லு. வருவியா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கருக்களாச்சேரிக்குப் போனேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு. முன்னால் தகரம் இறக்கியிருந்தார்கள். அவள் எனக்கு முன்பே வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தார். கூடை சுமப்பதை விட்டு வெகுநாள் ஆகிறது, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். "வாங்க பாப்பா. அம்மா நல்லாருக்காங்களா?" என்றார். இன்னமும் வாங்கதான்.

நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது. பந்தயத்தில் நான் பொய் சொன்னது, அவர் மகள் உண்மையைச் சொன்னது, எனக்கு அவள் மேல் வந்த பொறாமை, சின்னப் பையனின் வாந்தி, அவள் பின் சீட்டுக்குப் போனது, பிறகு வாசலில் நான் தலையாட்டியது, எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தேன். அவர் கை நெத்திலியைப் பரப்புவதை நிறுத்தவில்லை.

"வாந்தி எடுத்த புள்ளைய மடியில போட்டுக்கிட்டு வந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா."

"அதச் சொல்லிச்சு. அன்னைக்கே சொல்லிச்சு எங்கிட்ட. நான்தான் கேக்கல."

அதற்குப் பிறகுதான் அவர் கை நின்றது. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நிலைப்படியில் நின்ற மகளைத்தான் பார்த்தார்.

"அப்ப நீங்க சின்னப் புள்ள பாப்பா. பன்னெண்டு வயசு. தலையாட்டுனீங்க. நான் பெத்தவ. எம்பொண்ணு எப்புடின்னு எனக்குத் தெரியாதா? மாடி வீட்டுப் புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். எம்பொண்ணு கத்திக் கத்திச் சொல்லிச்சு. அத நான் நம்பல. தப்புப் பண்ணிட்டேன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது."

"இத ஒருநாளும் எங்கிட்ட சொன்னதில்லையேம்மா நீ," என்றாள் மகள்.

"எந்த மூஞ்ச வச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவள் நிலைப்படியிலிருந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அழவில்லை. அவள் ஒரு கை நெத்திலியை அள்ளிப் பாயில் பரப்ப ஆரம்பித்தாள். அம்மாவும் பரப்பினார். நான் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருப்பது இருவருக்குமே மறந்துவிட்டது.

நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். இரு என்று யாரும் சொல்லவில்லை.